பின்பக்கம் இல்லாத கதவு

ஒன்றாம் எண் டிராம் செமிலாசோவைத் தாண்டும்போது
முன் இருக்கையில் இரண்டு பேர்
என் கதவைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.
வெளியே புர்னோ முழுக்க நவம்பர் மூடுபனி.

அதற்குப் பின்னால் படிக்கட்டு, நேராகக் கடலுக்கு,
என்கிறான் பச்சைக் குல்லாய்க்காரன்.
முப்பத்தோராவது நொடியைக் கேள் ப்ரொகோப்,
யாரோ மூச்சு விடுகிறார்கள்,
உள்ளே ஆள் தூங்குகிறது என்கிறாள் அவள்.

அந்த மூச்சு ராதோவானுடையது.
ஒலிப்பதிவன்று அவனுக்குச் சளி.
திருப்பி எடுக்க நேரமில்லை,
மறுநாள் கண்காட்சி.

பதினொரு வருடமாகிறது.
‘உப்புக் கோட்டை’ இரண்டாம் பாகத்தின்
நாற்பது நொடி முன்னோட்டம்:
மழை, ஒரு விளக்கு, கதவு,
பிறகு ‘விரைவில்’ என்று ஒரே ஒரு சொல்.
அந்தச் சொல்லையும் நான்தான் செய்தேன்.
கடைசி எழுத்தில் கொஞ்சம் உப்புப் பூக்கவிட்டேன்,
அழகுக்கு.

கதவுக்கு ஒன்பது நாள் பிடித்தது.
துரு எங்கள் கட்டடத்துக் கொதிகலன் அறைக் கதவிலிருந்து;
கைப்பேசி வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து
கொப்புளம் கொப்புளமாகப் படமெடுத்தேன்.
முன்பக்கம் போதும் என்றார்கள்,
கேமரா அந்தப் பக்கம் போகாதாம்.
அதனால் என் கதவுக்கு முதுகு இல்லை.
கணினிக்குள் சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றால்
கதவே காணாமல் போகும்,
மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும்.

பிறகு நடந்ததைச் சொல்லக்கூடாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
பணம் வந்தது, போனது, வேறு பெயரில் வந்தது.
மூன்று முறை எல்லாவற்றையும் இடித்துக் கட்டினோம்,
மூன்று முறையும் கதவைத் தூக்கிக்கொண்டு போனோம்,
சுவரை விட்டுவிட்டு.
நான்காம் வருடம் கிளம்பிவிட்டேன்.
இப்போது பல் மருத்துவர்களுக்கான எக்ஸ்ரே மென்பொருள்.
அங்கே ஒவ்வொரு பல்லுக்கும் பின்பக்கம் உண்டு.
நிம்மதியான வேலை.

ஏப்ரல்தோறும் பழைய கம்பெனி ஒரு வரி வெளியிடும்:
வேலை நடக்கிறது, பொறுமைக்கு நன்றி.
ஒரு வருடம் வரிக்குப் பதில் காபிக் கோப்பையின் படம்.
இரண்டு வாரம் உலகம் அந்தக் கரண்டியைப் பெரிதாக்கிப் பார்த்தது.
கரண்டியில் ஜன்னல், ஜன்னலில் பலகை,
பலகையில் ஏழு கிறுக்கல்.
ஏழு அத்தியாயங்கள் என்று ஓசாகாவில் யாரோ அறிவித்தார்.
ராதோவான் சொன்னான், மதியச் சாப்பாடு அது.
ஆறு பேருக்குப் பொரித்த பாலாடைக்கட்டி,
அவனுக்குப் பூண்டு சூப்,
மறுபடியும் சளி.

இலவு காத்த கிளி என்பார்கள் இவர்களை.
ஏமாந்தாயா என்று கிளியிடம்
யார் போய்க் கேட்டது?

எழுந்து சொல்லிவிடலாம்.
இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கிறது.
பின்னால் ஒன்றுமில்லை குழந்தைகளே,
அது ஒரு தாள், தாளைவிட மெல்லிசு.
வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

அப்போது அவள் கம்பளிச் சட்டையை
முழங்கைவரை சுருட்டினாள்.
முன்கையில் என் கதவு.
அதே துரு, அதே கொப்புளம்,
கீழ் மூலையில் பூனை மூத்திரம் அரித்த கறை உட்பட
பச்சை குத்தியிருக்கிறாள்.
எங்கள் நிலவறை
முன்பின் தெரியாத ஒருத்தியின் தோலில் டிராம் ஏறிப் போகிறது.

பிறகு கையைத் திருப்பினாள்.
உட்புறம், நரம்பு நீலமாய்த் தெரியும் இடத்தில்,
கதவின் மறுபக்கம்.
குறுக்குச் சட்டம், தேய்ந்த தாழ்ப்பாள்,
ஓர் ஆணி, ஆணியில் நனைந்த கோட்டு,
கோட்டிலிருந்து மணிக்கட்டை நோக்கி மூன்று சொட்டு.

யார் வரைந்தது, கேட்டேவிட்டேன்.
நான்தான், என்றாள்.
எத்தனை வருடம் ஒரு பக்கத்தையே பார்ப்பது?
மழையில் வருகிறவர் கோட்டை எங்கே மாட்டுவார்?

ஒன்பது நாளில் ஒரு நாளும்
எனக்கு இது தோன்றவில்லை.

அவர்கள் இறங்கிப் போனார்கள்.
என் நிறுத்தமும் போய்விட்டிருந்தது.
திரும்பி நடந்து வந்து
மாடி ஏறாமல் கீழே இறங்கினேன்.
அதே கதவு. பூனை மாறியிருக்கிறது, கறை இருக்கிறது.
உள்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.
தள்ளினேன். பூட்டு.
சாவி ஷ்டுர்சாவிடம். கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.